பிரமுவின் பூட்டு

மறுபடியும் எரிந்தது. அரைக்கதவுக்கு அப்பால், இன்ஸ்பெக்டர் மேசையில், கண்ணாடிக் குண்டுக்கும் காலி டீ டம்ளருக்கும் நடுவே கிடந்த பிரமுவின் போன் ஒரு மூச்சு வெளிச்சம் விட்டு அணைந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆவுடையப்பன் கழுத்தை நீட்டினார். தெரியவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தாலும் தெரியாது. செய்தி வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும். யார், என்ன, ஓர் எழுத்து வெளியே வராது. அப்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். காலையில் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததிலிருந்து எத்தனை தடவை எரிந்துவிட்டது. எவன் இப்படி விடாமல் அனுப்புகிறான்? எவன் என்ன எவன், அந்தச் செடி வாத்தியார்தான். குற்றாலிங்கம். காலேஜில் தாவரவியல் நடத்தி ரிட்டயராகி, இப்போது கல் குவாரியை மூடச் சொல்லி ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறவர். பேசட்டும். மலையைக் காப்பாற்றுகிறாராம், காப்பாற்றட்டும். மலையிடம் பேசிக்கொள்ள வேண்டியதுதானே, பிரமுவிடம் என்ன பேச்சு? பக்கத்தில் பிரமு. நாற்பது வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறவள். மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை. மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் ஒட்டியிருக்கிற காணாமல் போனவர்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏதோ எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி. போன் எரிவது தெரியாதாம். தெரியும். அவளுக்கு முதுகிலும் கண் உண்டு. எரிந்தபோது அவளுடைய வலது கட்டைவிரல் லேசாக அசைந்ததை அவர் பார்த்தார். அந்த விரலைப் பிடித்துக் கேட்கலாம், யாரு பிரமு என்று. கேட்டு என்ன. வாயைத் திறக்க மாட்டாள். போலீசுக்கே திறக்காதவள்.

வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். குவாரி லாரிகளைப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். ஒரு லாரியின் முன்கண்ணாடி உடைந்தது. கல்லை விட்டது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மறியலுக்கு ஆள் கூட்டியது போனில் இருக்கிற ஒரு குரூப். அதை நடத்துகிறவள் பிரமு. காலையில் வரச் சொன்னார்கள், வந்தாள். போனை மேசையில் வையுங்கள் என்றார்கள், வைத்தாள். அதுவரைக்கும் சரி. "திறந்து குடுங்கம்மா, அஞ்சே நிமிசம்," என்றார் இன்ஸ்பெக்டர் ஜெயசீலன். சின்ன வயசு, வழித்த முகம், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "எதுக்கு தம்பி?" "மறிக்கச் சொன்னது யாருன்னு பாக்கணும்லா." "நான்தான் சொன்னேன். எழுதிக்கோங்க." "கண்ணாடிய ஒடைச்சது?" "அது எனக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது." எழுத்தர் ஏட்டு குனிந்துகொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அப்ப திறக்கதுல என்னம்மா கஷ்டம்? மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்?" அங்கேதான் பிரமு நிமிர்ந்தாள். "தம்பி, முப்பத்தோரு வருசம் நர்சா இருந்தவ நான். இங்க வலிக்கு, அங்க கட்டியிருக்கு, எம்மாப்பிள்ளைட்ட சொல்லிராதீங்க நர்சம்மான்னு இன்னைக்கும் எழுதி அனுப்புதாளுவ. போட்டோ அனுப்புதாளுவ. எம்மடியில ஒரு கனமும் இல்ல. இது அடுத்தவ மடி. கோர்ட்டு சொல்லட்டும், அப்பப் பாப்போம்." சொல்லிவிட்டு இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி. ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறேன், அதுவரை இருங்கள் என்று போனார். இருக்கிறார்கள். அடுத்தவ மடியாம். நல்ல பேச்சு. கைதட்டலாம். அடுத்தவள்களின் வலி எல்லாம் கிடக்கிற இடத்தில் செடி வாத்தியாரின் பேச்சும் கிடக்கிறதா இல்லையா, அதைச் சொல்லு முதலில். அடுத்தவள் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாது, சரி. சொந்த மாப்பிள்ளையிடம், கட்டின புருஷனிடம்?

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. முழங்கால் வரைக்கும் வேட்டி ஈரம். வெளியே பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நனைகின்றன, ஒரு மணல் லாரியின் ஸ்டியரிங்கில் கோவைக்கொடி ஏறியிருக்கிறது. லாரியைப் பார்த்தால் ஆவுடையப்பனுக்குக் கை துறுதுறுக்கும். வணிகவரிச் செக்போஸ்ட்டில் முப்பத்துநாலு வருஷம். புளியரையிலும் வாளையாறிலும் அவர் அவுக்கச் சொல்லாத தார்ப்பாய் இல்லை. மடியில் கனம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாரே, அதை ஆவுடையப்பனே ஒரு நாளைக்கு எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த வார்த்தை. இன்று வேறு ஒருத்தன் வாயிலிருந்து, பிரமுவைப் பார்த்து வந்தபோது, சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது? சரியான பேச்சுத்தானே. இல்லை. சரியில்லை. அது அவருக்கு அப்போதே தெரியும். கள்ளச்சரக்கு வைத்திருக்கிறவன்தான் சிரித்துக்கொண்டே இறங்குவான். வாங்க அய்யா, பாருங்க அய்யா, டீ சொல்லட்டுமா அய்யா. கயிற்றை அவனே அவுப்பான். ஒன்றுமில்லாதவன்தான் மல்லுக்கு நிற்பான், மழையில் நனையும், அவுக்க மாட்டேன், எழுதிக்கொள் என்று. அப்படிப் பார்த்தால் மல்லுக்கு நிற்கிற பிரமுவிடம் ஒன்றுமில்லை. அப்படியா? அப்படித்தான். ஆனால் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மேலே செங்கல், அடியில் சரக்கு, நடுவில் கோபம். கோபத்தையே தார்ப்பாயாகப் போர்த்தியவன். அவனைப் பிடிக்க வருஷக்கணக்காகும். பிரமு எந்த ரகம்? நாற்பது வருஷமாகியும் சொல்ல முடியவில்லை என்றால் நீ என்ன செக்போஸ்ட்காரன், ஆவுடையப்பா.

அந்தப் பூட்டைப் போடச் சொன்னதே அவர்தான். அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. மகன் அனுப்பிய போனைக் கடைக்குக் கொண்டுபோய், பையனிடம், "நல்லா லாக் போட்டுக் குடுடே, பஸ்ல எவனாவது அடிச்சிட்டுப் போனாலும் தொறக்கக் கூடாது," என்றார். எவனாவது என்று சொன்னபோது அந்த எவனாவதில் தானும் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றவில்லை. கடைக்காரன், "ஆறு நம்பர் போடுங்கம்மா, யாருக்கும் தெரியாம," என்று போனை நீட்டினான். பிரமு திரும்பி நின்றுகொண்டாள். கடைக்காரனுக்காகத் திரும்புகிறாள் என்று நினைத்தார். கடைக்காரன் அந்தப் பக்கம் நின்றான். அவள் முதுகு இவர் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது வீட்டுக்குள். குழம்பு கொதிக்கும்போது, துணி காயப்போடும்போது, அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்து ஒரு சிரிப்பு. அது வாய்ச் சிரிப்பு இல்லை, மூக்கு விடைக்கும். கல்யாணமான புதிதில் வாளையாறுக்கு வந்திருந்தபோது அப்படிச் சிரித்தாள், அவர் லாரிக்காரனைப் போல நடித்துக் காட்டினதற்கு. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று அவர் தேடவில்லை. இப்போது வந்திருக்கிறது, வேறு யாருக்கோ. "என்ன சிரிப்பு?" "குரூப்ல ஒண்ணு போட்டிருக்காவ." "என்ன போட்டிருக்காவ?" "ஒங்களுக்குப் புரியாது." ஏன் புரியாது? குற்றாலிங்கம் சொன்னால் புரியுமோ? அந்தாள் போன் பண்ணினால் பிரமு எழுந்து முற்றத்துக்குப் போகிறாள். சிக்னல் இல்லையாம். சொல்லுங்க சார், ஆமா சார், ஐயோ சார். ஐயோ சாருக்கு என்ன அர்த்தம்? செடியைப் பற்றிப் பேசினால் ஐயோ எங்கே வருகிறது?

பேச்சி என்கிற பெண் கான்ஸ்டபிள் டீ கொண்டுவந்து வைத்தாள். "நர்சம்மா, எனக்கு அம்மை ஊசி போட்டது நீங்கதானாம். எங்கம்மா சொல்லுவா. நான் ஒங்க கையைக் கடிச்சிட்டேனாம்." "நீயா அது? வடகரை பேச்சி? இங்க பாரு, இன்னும் தழும்பு இருக்கு." பிரமு மணிக்கட்டைக் காட்டினாள். பேச்சி குனிந்து பார்த்துச் சிரித்தாள். ஆவுடையப்பனும் பார்த்தார். பொடித் தழும்பு, நெல்மணி அளவு. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இவ்வளவு காலம் சோறு போட்ட கை. "இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே," என்றார். "கேட்டியளா?" என்றாள் பிரமு. பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு போனாள். டீயில் சர்க்கரை தூக்கல். பாதியோடு கீழே வைத்தார். ஸ்டேஷனில் கூட இவளுக்கு ஆள் இருக்கிறது. எங்கே போனாலும் யாராவது ஒருத்தி நர்சம்மா என்று வந்து நிற்கிறாள், இவள் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறாள், வலியோ வெட்கமோ. ஊரே இவளிடம் கொண்டுவந்து போடுகிறது. அவரிடம் யாரும் எதையும் கொடுத்ததில்லை. அவர் பிடுங்கித்தான் பார்த்திருக்கிறார்.

மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை இரண்டு தரம், அடுத்தடுத்து. பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு பார்த்தார். அவருக்கு அந்த எண் தெரியும். இந்தப் பெஞ்சில், இந்த ஸ்டேஷனில், இந்த ஊரில் பிரமுவைத் தவிர அவருக்கு மட்டும் தெரியும். அதுவும் அவளுக்குத் தெரியாமல் தெரியும். போன மாதம் மத்தியானம் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பீரோ முன்னால் நின்று போனை எடுத்தாள். பீரோக் கண்ணாடியில் விரல் தெரிந்தது. இரண்டு, மூன்று, பூஜ்யம், எட்டு, எட்டு, ஒன்று. கண்ணாடியில் இடம் வலமாகும், அதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தார், லாரி நம்பரைப் பின்கண்ணாடியில் படிக்கிற பழக்கம். சந்தேகமில்லை. இருபத்துமூன்று, எட்டு, எண்பத்தொன்று. தேதி. அன்றிலிருந்து அந்தத் தேதி செருப்பில் ஏறிய முள். நடந்தால் குத்துகிறது, நின்றாலும் குத்துகிறது. கல்யாணம் எண்பத்துமூன்று தையில். அதற்கு முன்னால் இது. எண்பத்தொன்று ஆகஸ்டில் இவள் எங்கே இருந்தாள்? பாளையங்கோட்டையில், நர்சு டிரெயினிங்கில். குற்றாலிங்கம் எங்கே இருந்தான்? அவனும் பாளையங்கோட்டையில்தான் படித்தானாமே. எந்த வருஷம்? கேட்டால் சொல்வார்கள், யாரிடம் கேட்பது? தேதியாகவே இருக்க வேண்டுமா? சும்மா வாய்க்கு வந்த எண்ணாக இருக்கலாம். பிரமு சும்மா எதையும் செய்கிறவள் இல்லை. உப்புக்கூட எண்ணிப் போடுவாள். தேதிதான். அன்றைக்கு என்ன நடந்தது? மழை பெய்ததா? யாராவது செத்தார்களா? யாராவது ஏதாவது சொன்னார்களா? அவர் முகத்தையே அவள் பார்த்திராத நாள் ஒன்று அவளுக்கு இருக்கிறது, அதைத் தினமும் தொட்டுத்தான் அந்தக் கதவைத் திறக்கிறாள். கல்யாணத் தேதி அதில் இல்லை. மகன் பிறந்த தேதி இல்லை. அவர் அதில் எங்கும் இல்லை.

எண் தெரிந்தும் அவர் திறக்கவில்லை. ஒரு தடவை முயன்றார். அவள் குளிக்கப் போனபோது எடுத்தார். ஐந்து எண் அமுக்கினார். ஆறாவதில் விரல் நின்றது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், சோப்பு வாசனை. உள்ளே ஏதாவது இருந்தால் என்ன செய்வது? எழுபத்தொரு வயசில் எங்கே போவது? ஒன்றுமே இல்லாவிட்டால்? சுக்குக் கஷாயம், சுகர் மாத்திரை, குவாரிக்காரன் ஒழிக என்று மட்டும் இருந்தால்? அது இன்னும் மோசம். அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு இவளைக் கவனித்துக்கொண்டிருப்பது? வைத்துவிட்டார். செக்போஸ்ட்டில் அப்படி ஒருநாளும் கயிற்றைப் பாதி அவுத்துவிட்டு விட்டதில்லை. அன்றிலிருந்து அந்த எண்ணை நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு திரிகிறார். இப்போது எச்சில் விழுங்கினால் கூட அது தட்டுப்படுகிறது.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தொப்பியில் சாரல் துளி. உள்ளே போனவர் அரைக்கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அய்யா மட்டும் ஒரு நிமிசம் வாங்க," என்றார். பிரமு திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று படிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். உள்ளே நாற்காலி போட்டார்கள். எழுத்தர் ஏட்டு ஓரத்தில். மேசையில் போன், ஒரு முழம் தூரத்தில். இவ்வளவு பக்கத்தில் அது பிரமு இல்லாமல் கிடந்து அவர் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு கீறல், உறையில் கொஞ்சம் மஞ்சள்பொடி. "நீங்களும் கவர்மெண்ட்ல இருந்தவரு," என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு வீடு பூட்டியிருந்தா பூட்டை ஒடைக்கலாம். பெட்டியா இருந்தா நெம்பலாம். இத என்ன செய்ய? கம்பெனிக்காரன் எங்களாலயே திறக்க முடியாதுங்கான். மேல ஒரு மெசின் இருக்கு, அது திறந்தா உண்டு, இல்லன்னா இல்ல. கோர்ட்டு ஆர்டர் வாங்கலாம், வாங்கினாலும் இந்தக் கண்ணாடி ஆர்டரப் படிக்குமா?" ஆவுடையப்பனுக்கு உள்ளே எங்கோ ஒரு சின்னக் குதூகலம் எழுந்தது, அதன்மேலேயே கோபமும் எழுந்தது. சர்க்காரால் அவுக்க முடியாத தார்ப்பாய். அதைக் கட்டியது பிரமு. "சாவி அவங்க மண்டைக்குள்ள இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "கல்யாண நாள் போட்டுப் பாத்தோம். ஒங்க மருமக நாப்பதாவது வருசம்னு பேஸ்புக்ல போட்டிருந்தாங்க. அது இல்ல. பையன் பிறந்த நாள், அதுவும் இல்ல."

முகம் சூடானது. அவர் மனசுக்குள் நடந்த அதே தடத்தில் இவனும் நடந்திருக்கிறான். அதே கதவுகளைத் தட்டி, அதே பதிலை வாங்கியிருக்கிறான். பிரமுவின் பூட்டு கல்யாண நாளில் திறக்காது என்பது இதுவரை அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அந்த அவமானம் அவருடைய சொந்தம். இப்போது இவனுக்கும் தெரியும், அந்த ஓரத்து ஏட்டுக்கும் தெரியும், சாயங்காலம் டீக்கடைக்கும் தெரியும். "ஆறு நம்பர் சார். எடுக்கும்போது ஒரு தடவையாவது கண்ணுல பட்டிருக்கும்லா." இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். அவசரமில்லாத பார்வை. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும், சரக்கு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு டிரைவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிற பார்வை. "ஒங்களுக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக, "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்லா. நாங்க பாக்கும்போது நீங்களும் பக்கத்துல இருங்க. யாரு கேக்கப்போறா?"

இருக்கலாம். பக்கத்தில் இருக்கலாம். அவர் அவுக்க வேண்டியதில்லை, சர்க்கார் அவுக்கும், அவர் சும்மா பார்க்கலாம். சட்டப்படி பார்த்தது, பெண்டாட்டி போனை நோண்டினவன் என்ற பேர் இல்லை. குற்றாலிங்கம் என்ன எழுதியிருக்கிறான், இவள் என்ன எழுதியிருக்கிறாள், ஐயோவுக்கு என்ன அர்த்தம், எல்லாம் ஐந்தே நிமிஷத்தில். அப்புறம் தூங்கலாம். அல்லது அப்புறம் தூக்கமே இல்லாமல் போகலாம், போகட்டும், தெரிந்துவிட்டால் போதும். நாக்குக்கு அடியில் கிடந்தது மேலே வந்தது. "ரெண்டு," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. ஏட்டு பேனாவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். எடுத்து, கண்ணாடியில் சாரல் பட்டிருந்ததோ என்னவோ, காக்கி பேண்ட்டின் தொடையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். தேய்த்துவிட்டுக் கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்தார், பிரமு வைக்கிற இடத்தில்.

அந்தக் கட்டைவிரல். நகம் சதுரமாக வெட்டியிருந்தது. போன வருஷம் திருநெல்வேலியில் பிரமுவுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடத்தை அவர் பார்த்ததில்லை. கட்டு மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். "நான் மாத்தி விடட்டுமா?" என்று ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். "வேண்டாம்," என்றாள் உள்ளேயிருந்து. "டாக்டரம்மா போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கா. எடுத்துட்டு வாரேன்." கதவுக்குப் பின்னால் போன் க்ளிக் என்றது. ஒரு தடவை, இரண்டு தடவை. அவர் கதவுப் பலகையில் இருந்த ஆணித் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த டாக்டர் மேல், பெண்பிள்ளை டாக்டர் மேல், அன்றைக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்ல முடியும். அந்தப் படம் இதற்குள் இருக்கிறது. இந்தச் சதுர நகத்துக்குக் கீழே. இவன் மறியலைத் தேடிக்கொண்டு போவான், விரல் வழுக்கும், படம் வரும். ஏட்டு எட்டிப் பார்ப்பார். மேலே அனுப்புவார்கள், அங்கே ஒருத்தன் பெரிதாக்கிப் பார்ப்பான், காகிதத்தில் எடுத்துக் கோப்பில் கோப்பான், நூல் போட்டுக் கட்டுவான். தாலி கட்டினவன் பார்க்காததை. நான் பார்க்கல, நீ பார்ப்பியாலே? குற்றாலிங்கம் கிடக்கட்டும். குற்றாலிங்கம் ஒரு ஆள், கிழடு, குடையைப் பிடித்துக்கொண்டு செடிக்குப் பேர் சொல்கிறவன். இவர்கள் எத்தனை பேர்? சர்க்காருக்கு எத்தனை கண்? முப்பத்துநாலு வருஷம் அந்தக் கண்ணில் ஒன்றாக இருந்தவருக்குத் தெரியும், அது எதையும் பாதியில் விடாது, அதற்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்காது. அன்றைய ஆத்திரம் மறுபடியும் வந்தது. அதற்குப் பெயர் நியாயம் இல்லை. பொறாமைதான். சுத்தமான, காய்ச்சின பொறாமை.

"ரெண்டு?" என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்லுங்க சார். அப்புறம்?"

"ரெண்டு வருசமா நானும் கேக்கேன்," என்றார் ஆவுடையப்பன். "சொல்ல மாட்டேங்கா."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். அவரும் பார்த்தார். முப்பத்துநாலு வருஷம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர், எந்த இடத்தில் இமைக்கக் கூடாது என்று தெரியும். "கட்டின பெண்டாட்டி பூட்டுக்கு ஒங்ககிட்டயே சாவி இல்லியா?" என்றார் ஏட்டு, ஓரத்திலிருந்து. "இல்ல." "நீங்க என்னய்யா செக்போஸ்ட்ல இருந்திய?" இன்ஸ்பெக்டர் சிரித்தார், ஏட்டு சத்தம் போட்டுச் சிரித்தார், கதவோரம் நின்ற இன்னொரு கான்ஸ்டபிளும் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்துகொண்டான். காது மடல் இரண்டும் எரிந்தன. எழுந்து நிலைக்கதவோடு அவனைச் சாத்தலாம். எண்ணைச் சொல்லி, பாருடே, எனக்கா தெரியாது என்று நிமிரலாம். ஒரு வாய்ச்சொல் போதும், மானம் திரும்பிவிடும். உட்கார்ந்திருந்தார். சிரித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். "தெரியாது," என்றார் மறுபடியும், யாரும் கேட்காமலே. "எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லுததில்ல." அதைச் சொன்னபோது அது பொய்யாக இல்லை.

போனை வைத்துக்கொண்டார்கள். மேலே அனுப்புவார்களாம், திறந்தால் கூப்பிடுவார்களாம். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், பிரமு இரண்டு தடவை படித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே சாரல் விடவில்லை. படியில் இறங்கும்போது அவள் கையில் போன் இல்லாதது வித்தியாசமாக இருந்தது; கட்டைவிரல் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. கேட்டில் நின்றாள்.

"உள்ள கூப்பிட்டு என்ன கேட்டாவ?"

"என்னத்தக் கேப்பாவ. ஒண்ணுமில்ல."

"இவ்வளவு நேரமா?"

"ஆமா."

"சிரிச்சாவளே. ஒங்களப் பாத்தா சிரிச்சாவ?"

நான் உனக்காக என்று வாய் வரைக்கும் வந்தது. வந்தது வெளியே போனால் பீரோக் கண்ணாடியும் போகும், குளியலறைச் சத்தமும் போகும், எல்லாம் ஒரே கயிறு. நல்லது செய்ததைச் சொல்ல வேண்டுமானால் எட்டிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். மூடின பிறகு உள்ளே அது இருந்தது, சின்னதாக, சூடாக, அவருடையதாக. நாற்பது வருஷத்தில் பிரமுவுக்குத் தெரியாத ஒன்று அவரிடம் இருப்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்தார். இல்லை, எண் தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது திருடினது. இது வேறு.

"கேக்கேன்லா," என்றாள் பிரமு. "என்ன சொன்னிய அவங்ககிட்ட?"

"பஸ் போயிரும். நட."

அவள் நடக்கவில்லை. மழைத்துளி மூக்குக்கண்ணாடியில் வழிய, தலையை லேசாகச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், கயிறு எங்கே முடிந்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோதும் பார்வையை எடுக்கவில்லை. ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பார்க்கட்டும்.